மனித மூக்கு எஞ்சிய உறுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் வெளிவந்த, பரிணாமத்தில் மனித உடல் இழந்தவை பற்றிய கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். வால், காது மடலை அசைக்கும் தசைகள், உடல் மயிர் என்று நீண்ட அந்த வரிசையில் மூக்கும் சேர்க்கப்பட்டிருந்தது. மரத்தில் வாழத் தலைப்பட்ட நம் முன்னோர்களிடம் கண் வென்றது, மூக்கு தோற்றது, மனிதரிடம் இன்று மிஞ்சியிருப்பது தேய்ந்துபோன ஒரு மூக்குதான் என்பது கட்டுரையாளரின் கருத்து. மருத்துவ மாணவர்களுக்கு இருபத்தாறு ஆண்டுகளாக உடற்கூறியல் கற்பித்து வருபவன் என்ற முறையில், இந்தக் கருத்தில் பாதி மட்டுமே உண்மை என்பதையும், விடுபட்ட மறுபாதியில்தான் நம் மூக்கின் வரலாறு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்பதையும் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கட்டுரையாளர் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. நெடுக்குவாட்டில் இரு பாதியாக அறுத்த தலையை மேசைமீது வைத்து முதலாண்டு மாணவர்களுக்குக் காட்டும்போது எனக்கும் பல ஆண்டுகள் அந்த எண்ணமே இருந்தது. நடுவிலுள்ள தடுப்புச் சுவரை அகற்றிவிட்டுப் பார்த்தால், மூக்கறையின் பக்கச் சுவரிலிருந்து மூன்று சுருளெலும்புகள், வீட்டின் இறவாரங்களைப் போல ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரிந்து நிற்கும். மணத்தை உணரும் பகுதியோ, கூரையை ஒட்டிச் சில சதுர சென்டிமீட்டர் அளவே உள்ள, மஞ்சள் படர்ந்த ஒரு சிறு பரப்பு. அதே அறையின் அலமாரியிலுள்ள நாயின் மண்டையோட்டை எடுத்து மூக்குத் துளை வழியே விளக்கடித்தால், காகிதம் போன்ற மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாக, இடைவெளியே தெரியாதபடி அடைந்து கிடக்கும். (முதலில் கண்ணில் படும் சுருள்கள் காற்றைப் பதப்படுத்துபவை, மோப்பத்துக்கானவை அவற்றுக்கும் பின்னால், கண்களுக்கு இடையே, தனி அறைபோல ஒதுங்கியிருக்கின்றன.) நாய்க்கு அடுத்து வைக்கப்பட்டிருக்கும் குரங்கின் மண்டையோட்டில் அந்தச் சுருள்களும் இல்லை, அந்தத் தனியறையும் இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்கள் ஒன்றை மாளிகை என்றும் மற்ற இரண்டையும் குடிசை என்றும்தான் சொல்வார்கள்.

இழப்பு நடந்தது உண்மை. ஆனால் எது இழக்கப்பட்டது, அந்த இடத்தில் எது வந்தது என்று கேட்காமல் இழப்பை மட்டும் எண்ணிக் காட்டுவது முறையாகாது. இதை மூக்கின் நுனியிலிருந்தே தொடங்கிப் பார்க்க வேண்டும். நாயின் மூக்கு நுனி மயிரின்றி, ஈரமாக, நுண்ணிய மேடுபள்ளங்களோடு இருப்பதை அனைவரும் அறிவர். அதே ஈர மூக்கு தேவாங்குக்கும், ஆப்பிரிக்கக் காடுகளின் காலாகோவுக்கும், மடகாஸ்கர் தீவின் லெமூர்களுக்கும் உண்டு. அந்த ஈரத் தோல் மூக்கோடு நின்றுவிடுவதில்லை. நடுவில் ஒரு பிளவாக மேலுதட்டைக் கடந்து, ஈறு வரை இறங்கி, மேல்வரிசை முன்பற்களுக்கு நடுவேயுள்ள இடைவெளி வழியாக அண்ணத்தில் இருக்கும் ஒரு சிறு துளையை எட்டுகிறது. அந்தத் துளைக்கு அப்பால், மூக்குத் தடுப்பின் அடியில், டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் யாக்கப்சன் 1813-இல் விவரித்த மோப்ப உறுப்பு இருக்கிறது. தன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு விலங்கு விட்டுச் சென்ற நெடியைப் படித்தறிவதே அதன் தலையாய வேலை. வளையவால் லெமூர்களில் ஆண்கள் மணிக்கட்டுச் சுரப்பியின் நெடியை வாலில் தேய்த்துக்கொண்டு, எதிரியை நோக்கி வாலை விசிறியே சண்டையிடுகின்றன. அப்படிப்பட்ட வாழ்க்கைக்கு அந்த ஈரப் பிளவு இன்றியமையாதது.

லெமூர், தேவாங்கு, குரங்கு, மனிதர் ஆகியோர் அடங்கிய முதனி (பிரைமேட்) வரிசையைச் சேர்ந்த விலங்குகளை மூக்கை வைத்தே பிரிக்கலாம் என்பதை, 1812-ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு விலங்கியல் அறிஞர் எத்தியென் ஜெஃப்ராய் சான்-இலேர் கண்டு, சுழித்த மூக்கின, அகன்ற மூக்கின, கீழ்நோக்கிய மூக்கின என்று பொருள்படும் பெயர்களைச் சூட்டினார். அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் நடந்தது. தென்கிழக்காசியத் தீவுகளில் வாழும், உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய தார்சியர் என்ற இரவு விலங்கு, உருவத்திலும் பழக்கத்திலும் தேவாங்கின் உறவினர் போலவே தோன்றியதால் லெமூர், தேவாங்குகளோடு சேர்த்தே எண்ணப்பட்டு வந்தது. இலண்டன் விலங்குக் காட்சிசாலையின் கண்காணிப்பாளராக இருந்த ரெஜினால்ட் போகாக், அதன் மூக்கை உற்றுப் பார்த்தார். மூக்கு ஈரமாக இல்லை, நடுப்பிளவு இல்லை, மேலுதடு முழுவதும் மயிர் முளைத்த ஒரே தோலாக இருந்தது. தார்சியர், குரங்குகளும் மனிதரும் அடங்கிய கூட்டத்தைச் சேர்ந்தது என்று 1918-இல் அவர் எழுதினார். அந்தக் கூட்டத்துக்கு எளிய மூக்கின என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். பல பத்தாண்டுகள் கழித்து மரபணு ஆய்வுகள் அவர் சொன்னதே சரி என்று காட்டின. ஈரத் தோல் புதைபடிவமாகாது என்றாலும், முன்பற்களின் வேர்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முதனியின் மூக்கு எத்தகையது என்று இன்று ஊகிக்க முடிகிறது.

ஈர மூக்கு போனதால் கிடைத்தது என்ன என்பதுதான் கட்டுரையில் இடம்பெறாத செய்தி. வாசகர்கள் தம் மேலுதட்டை விரலால் மெல்ல உயர்த்திப் பார்க்கலாம். உள்ளே நடுவில் ஒரு மெல்லிய சவ்வு நாண் தவிர, அதை ஈறோடு பிணைத்திருப்பது வேறெதுவும் இல்லை. லெமூரின் மேலுதடோ நடுவில் ஈறோடு கட்டுண்டது; அதைக் குவிக்கவோ, நீட்டவோ, ஒரு பக்கமாகச் சுழிக்கவோ லெமூரால் பெரிதாக இயலாது. கட்டு அவிழ்ந்த பின்னரே, வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசை முழுமை பெற்றது. குட்டியைக் கொஞ்சும் சிம்பன்சியின் நீண்ட உதடும், பல்லைக் காட்டி அச்சுறுத்தும் ஆண் குரங்கின் முகமும், மனிதரின் சிரிப்பும், உதடு குவித்து ஒலிக்கும் எழுத்துகளும் அந்த விடுதலையின் பயன்கள். நெடியால் பேசிய விலங்குகள் முகத்தால் பேசத் தொடங்கின என்று இதைச் சொல்வதே பொருத்தம்.

கண்ணின் பங்கையும் மறுப்பதற்கில்லை. இரு கண்களும் முன்னோக்கி நகர்ந்து நெருங்கியபோது, இடையிலிருந்த மூக்கறை இருபுறமும் நெருக்குண்டு குறுகியது. ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ மூளையின் அளவுள்ள தார்சியரில் இந்த நெருக்கடியை மிகத் தெளிவாகக் காணலாம். மூக்கும் முழியுமாக என்று ஒரே மூச்சில் சொல்கிறோமே, முதனிகளின் முகத்தில் அவ்விரண்டும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று இடம்விட்டு அமைந்தவை. ஆனால் இடம் குறைந்தது என்பதிலிருந்து புலன் மங்கியது என்ற முடிவுக்கு உடனே தாவிவிடக் கூடாது.

அமெரிக்கக் கண்டங்களின் குரங்குகளுக்கு நாசித் துவாரங்கள் அகன்று பக்கவாட்டில் திறந்திருக்கும். ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் மனிதருக்கும் அவை நெருங்கிக் கீழ்நோக்கியிருக்கும். யாக்கப்சன் உறுப்பு முதல் கூட்டத்தில் இன்னும் பணிபுரிகிறது. நம் கூட்டத்தில் அது செயலிழந்துவிட்டது. அந்த உறுப்பின் உணர்வணுக்கள் இயங்கத் தேவையான டிஆர்பிசி2 என்ற மரபணு, வாலில்லாக் குரங்குகளும் மற்ற ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் பிரிவதற்குச் சற்று முன்பே பழுதாகத் தொடங்கிவிட்டது என்று 2003-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. மனிதக் கருவில் இவ்வுறுப்பு தோன்றுகிறது. வளர்ந்தவர்கள் பலருடைய மூக்குத் தடுப்பில் ஊசிமுனை நுழையும் அளவு சிறு குழியாக இன்றும் தென்படுகிறது. மாணவர்களுக்கு அதைத் தேடிக் காட்டும்போதெல்லாம் அவர்கள் வியப்பதுண்டு. அதிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பு எதுவும் வளர்ந்தவரிடம் இல்லை. எஞ்சிய உறுப்பு என்று கட்டுரையாளர் எழுதிய சொல் பொருந்துவது இந்தச் சிறு குழிக்குத்தானே தவிர, மூக்கு முழுவதற்கும் அன்று.

மரபணுக் கணக்கு கட்டுரையில் ஒரே வரியில் வந்துபோனது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மணப்பொருள்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுக்கான மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-இல் கண்டறிந்தனர். 2004-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். மனிதரிடம் இயங்கும் நிலையில் உள்ளவை ஏறத்தாழ 400. சுண்டெலியிடம் ஏறத்தாழ 1,100, ஆப்பிரிக்க யானையிடம் ஏறத்தாழ 2,000. முந்நிறப் பார்வை, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பிரித்தறியும் திறன் வந்ததால்தான் இந்த மரபணுக்கள் பழுதாயின என்று 2004-இல் யோவ் கிலாடும் அவருடைய குழுவினரும் கூறினர். கண் வென்றது, மூக்கு தோற்றது என்ற வாசகத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் முழு மரபணுத் தொகுதிகள் கிடைத்த பின்னர், 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அப்படித் திடீர் இழப்பு எதுவும் நிற உணர்வோடு சேர்ந்து நிகழவில்லை என்று காட்டினர். அதே துறையில் யோஷிஹிதோ நீமுராவும் உடனாய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, இழப்பின் வேகம் கூடியது எளிய மூக்கு முதனிகளின் பொது மூதாதையிடம் என்றும், பின்னர் இலையுண்ணும் குரங்குகளிடம் மீண்டும் இழப்பு மிகுந்தது என்றும் கூறுகிறது. அப்படியானால் மரபணுக்களின் கதை, நான் மேலே சொன்ன ஈர மூக்கின் கதையோடும் உணவின் கதையோடும் இணைகிறது. இவ்வளவு பின்னலான ஒன்றைப் போட்டியில் வெற்றி தோல்வி போலச் சொல்லிவிட முடியாது.

அதைவிட முக்கியமானது, மரபணு எண்ணிக்கை வேறு, நுகரும் திறன் வேறு என்பது. நாய்க்கு இயங்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 800, சுண்டெலியைவிடக் குறைவு. அதனால் நாயை மோப்பம் குன்றிய விலங்கு என்று எவரும் சொல்வதில்லை. மனிதரை அப்படி வகைப்படுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் பால் புரோக்கா. எந்த மனிதரின் மோப்பத் திறனையும் சோதித்து அவர் 1879-இல் அந்த முடிவுக்கு வரவில்லை. மனித மூளையின் முன்மடல் பெருத்ததால் நாம் நெடிக்கு அடிமைகளாக இல்லை என்ற தம் கொள்கையிலிருந்து வந்தார். இந்த வரலாற்றை 2017-இல் ஜான் மெகான் விரிவாக எடுத்துக்காட்டினார். மூளையிலுள்ள நுகர்ச்சிக் குமிழின் நரம்பணு எண்ணிக்கையில், உருவத்தில் எவ்வளவோ வேறுபட்ட பாலூட்டிகளுக்கிடையே வியக்கத்தக்க ஒற்றுமை இருப்பதையும் அவர் சுட்டினார். மத்தியாஸ் லாஸ்கா பல ஆண்டுகளாக அணில்குரங்கு, சிலந்திக் குரங்கு, மக்காக் குரங்கு ஆகியவற்றைப் பழக்கி நடத்திய சோதனைகளில், மோப்பம் மங்கியவை என்று கருதப்பட்ட இவ்விலங்குகள் பல மணப்பொருள்களை மிக நுண்ணிய அளவிலேயே உணர்ந்தன. சில மணப்பொருள்களில் மனித மூக்கு எலியையும் நாயையும்கூட விஞ்சுகிறது.

இதில் ஒரு சோதனையை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில், புல்தரையில் பத்து மீட்டர் நீளத்துக்குச் சாக்லேட் மணம் தோய்ந்த கயிற்றைப் பதித்து, கண்ணையும் காதையும் கட்டி, கையுறை அணிவித்து, மூக்கைத் தவிர வேறு துணையின்றி மனிதர்களை அதன் வழியே செல்லச் சொன்னார்கள். அவர்கள் கைகால்களை ஊன்றி, மூக்கைத் தரையருகே வைத்து, நாய் செல்வது போலவே இடமும் வலமுமாக வளைந்து வளைந்து முன்னேறினர். மூன்றில் இரண்டு பங்கினர் தடத்தைப் பிடித்துவிட்டனர். பயிற்சி பெற்றவர்களின் வேகம் கூடியது. ஒரு நாசித் துவாரத்தை அடைத்தபோது திறமை குறைந்தது. 2007-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்த பிறகுதான் வகுப்பில் நான் சொல்லி வந்ததை மாற்றிக்கொண்டேன். நாம் எழுந்து நின்றதால் மூக்கு தரையிலிருந்து விலகியது; தரையை முகர்வதை நாம் விட்டோம். முகரும் ஆற்றல் விட்டுப்போகவில்லை.

மூக்கு மணத்துக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவதும் ஒரு குறைபாடு. போர்னியோவின் சதுப்புநிலக் காடுகளில் வாழும் நீளமூக்குக் குரங்கில், ஆணின் மூக்கு 10 சென்டிமீட்டருக்கும் மேல் வளர்ந்து வாய்க்குக் கீழே தொங்குகிறது. பெண்ணின் மூக்கு சிறியதாக மேல்நோக்கியிருக்கிறது. பெரிய மூக்குள்ள ஆண்களுக்கு உடல் எடையும் விரை அளவும் அதிகம், அவற்றோடு வாழும் பெண் குரங்குகளின் எண்ணிக்கையும் அதிகம் என்று 2018-இல் ஒரு ஜப்பானியக் குழு அளந்து கூறியது. இதற்கு நேர்மாறாக, மூக்கெலும்பே இல்லாத அளவுக்குச் சப்பை மூக்குள்ள ஆசியக் குரங்குகளும் உண்டு. மியான்மரின் வட மலைகளில் வாழும் இனம் 2010-இல்தான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. மழைநீர் மூக்கில் இறங்கி அவை தும்முவதையும், மழை நாள்களில் முகத்தை முழங்கால்களுக்கிடையே புதைத்து உட்கார்ந்திருப்பதையும் அங்குள்ள மக்கள் ஆய்வாளர்களுக்குச் சொன்னார்கள். மலைக் கொரில்லாக்களின் மூக்குக்கு மேலுள்ள மடிப்புகள் கைரேகை போல ஒன்றுக்கொன்று வேறுபடுவதால், ருவாண்டாவில் டயான் ஃபாசி அந்த மடிப்புகளை வரைந்து வைத்துக்கொண்டே ஒவ்வொரு விலங்கையும் அடையாளம் கண்டார். இவையெல்லாம் மூக்கு தேய்ந்துவரும் ஒரு கூட்டத்தின் செய்திகளாக எனக்குத் தோன்றவில்லை.

நம் மூக்குக்கு வருவோம். எலும்பும் குருத்தெலும்புமாக முகத்திலிருந்து துருத்தி, துவாரங்கள் தரையை நோக்கியிருக்கும் இந்த வடிவம் வாலில்லாக் குரங்குகளிடம் இல்லை. மனிதரின் தொன்மையான முன்னோடிகளான ஆஸ்திரலோபித்தேகஸ் மண்டையோடுகளிலும் மூக்குப் பகுதி தட்டையாகவே இருக்கிறது. மூக்கெலும்புகள் வெளிநோக்கி எழும்பத் தொடங்குவது, அவற்றுக்குப் பின் வந்த ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதிமனித இனத்தின் காலத்தில். 1984-இல் கென்யாவின் துர்க்கானா ஏரிக்கருகில் கிடைத்த, ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு பழமையான சிறுவனின் எலும்புக்கூடு அந்த இனத்தைச் சேர்ந்தது. வறண்ட வெளியில் நெடுந்தொலைவு நடந்த உடல், வெளிவிடும் மூச்சிலிருந்து ஈரத்தை மீட்டுக்கொள்ள இத்தகைய மூக்கு உதவியிருக்கும் என்று ராபர்ட் பிரான்சிஸ்கஸும் எரிக் டிரிங்காஸும் 1988-இல் கருதினர். பல ஆண்டுகள் நானும் இதையே விளக்கமாகச் சொல்லி வந்தேன். ஆனால் ஜப்பானின் தக்கேஷி நிஷிமுரா தலைமையிலான குழு, மனிதர், சிம்பன்சி, மக்காக் ஆகியோரின் மூக்கறைகளில் காற்றோட்டத்தைக் கணினியில் கணித்து, காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவதில் மனித மூக்கறை மற்ற இரண்டையும்விடத் திறன் குறைந்தது என்று 2016-இல் காட்டியது. முகம் பின்வாங்கித் தட்டையானபோது மூக்கு மட்டும் எஞ்சி வெளியே நின்றது, குறைபட்ட வேலையை நீண்ட தொண்டைப் பகுதி ஈடுசெய்கிறது என்பது அவர்களின் விளக்கம். எனக்கு இதுவே கூடுதல் நம்பிக்கை தருகிறது. ஆயினும் தட்பவெப்பத்துக்குப் பங்கே இல்லை என்று கூறிவிட முடியாது. நாசித் துவாரங்களின் அகலம், மூதாதையர் வாழ்ந்த இடத்தின் வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் தொடர்புடையது என்று 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பல மக்கள் கூட்டங்களை அளந்து நிறுவியிருக்கிறது. குளிர்ந்த, வறண்ட இடங்களில் துவாரம் குறுகலாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாயின் மோப்பத் தனியறை நம்மிடம் இல்லை என்று மேலே குறிப்பிட்டேன். அந்த அறையை அடியில் மூடியிருக்கும் எலும்புத் தகடும் நம்மிடம் இல்லை. ஆகவே மெல்லும்போதும் விழுங்கும்போதும் வாயிலிருந்து எழும் மணம், தொண்டையின் பின்வழியாக ஏறித் தடையின்றி மூக்கின் கூரையைத் தொடுகிறது. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, உண்மையில் மூச்சு வெளியேறும்போது உணரும் மணமே. மனிதரின் மோப்பத்தில் இந்தப் பின்வழிக்குத் தனிச் சிறப்பு உண்டு என்று கார்டன் ஷெப்பர்ட் 2004-இல் எழுதினார். 2020 முதல் கொரோனா தொற்றால் மணமறியும் ஆற்றலை இழந்தவர்கள் உலகெங்கும் எத்தனை பேர்! உணவு மண்ணாகத் தோன்றுகிறது என்றும், எரிவாயு கசிந்தால் தெரியாதே என்றும், பெற்ற குழந்தையின் மணம் தெரியவில்லை என்றும் அவர்கள் கலங்கியபோது, உயிருக்கு ஆபத்தில்லையே என்று தேற்றி அனுப்பிய மருத்துவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் என்னிடமே படித்தவர்கள். தேய்ந்த உறுப்பு என்று வகுப்பில் நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு அவர்களின் அலட்சியத்தில் பங்கு இருந்திருக்குமோ என்ற வருத்தம் எனக்கு உண்டு. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுவே.

கட்டுரையின் மற்றப் பகுதிகள் தெளிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்தன. மூக்கைப் பற்றிய பத்தியை மட்டும் திருத்தி, வரும் வாரத்து அறிவியல் பக்கத்திலேயே ஒரு குறிப்பாக வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளி மாணவர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஏட்டில் ஒட்டி வைத்துப் படிப்பதை நான் பார்த்திருக்கிறேன். திருத்தமும் அதே அளவில், அதே இடத்தில் வந்தால் பழைய பக்கத்துக்கு அருகிலேயே அவர்கள் ஒட்டிக்கொள்ள இயலும்.

இப்படிக்கு,
உடற்கூறியல் ஆசிரியர் ஒருவர்